அன்னம் வெட்டிய சவரக் கத்தி

அந்த ஷட்டரைச் சித்த எறக்கி விடுங்க தம்பி. காத்து நேரா மேலொதட்டுல வந்து அடிக்குது. முப்பது வருசத்துக்கு மேல காத்தே படாத எடமுங்க அது. கூசுது.

ஆமாங்க, மீசை இருந்துச்சு. சாதா மீசைன்னு நெனச்சுக்காதீங்க. கோபிச்செட்டிபாளையத்துல வந்து வெள்ளியங்கிரிநாதன் ஊடு எதுன்னு கேட்டீங்கன்னா ஒருத்தருக்கும் தெரியாது. அந்தப் பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள பஸ் கெளம்பிரும். மீசைக்காரர் ஊடுன்னு கேளுங்க, நண்டுசிண்டெல்லாம் கையக் காட்டும். கரண்ட் ஆபீஸ்ல ஃபோர்மேனா இருந்தப்ப, நான் கோவமா இருக்கறனா இல்லையான்னு லைன்மேன் பசங்க என்ற மீசையப் பாத்துத்தான் தெரிஞ்சுக்குவாங்க. அப்பேர்ப்பட்ட மீசைங்க. அது போனதுக்குக் காரணம், ஒண்ணு என்ற மச்சினன் சாமியப்பன், இன்னொண்ணு எங்கூட்டுக்காரி வசந்தாமணி, அப்புறம் இந்தக் கத்தி.

இருங்க, பைக்குள்ளதான் இருக்குது, காட்டறேன். ஏனுங்கம்மா, முன்சீட்டுக்காரம்மா, நீங்க எதுக்கு எந்திரிக்கறீங்க? சவரக் கத்திங்க, பழம்பொருள். யாரையும் ஒண்ணும் பண்ணாது, உக்காருங்க. கண்டக்டர், ஒண்ணுமில்லீங்க, நீங்க டிக்கெட் போடுங்க.

நான் ரிட்டயர் ஆனதுக்கப்புறம் பழம்பொருள் மேல ஒரு இது வந்துருச்சுங்க. சிலபேருக்கு ரிட்டயர் ஆனாச் சக்கரை வரும், எனக்கு இது வந்துச்சு. வால்வு ரேடியோ, பெட்ரோமாக்ஸ் லைட்டு, கை ஒடைஞ்ச தராசு, இப்படிச் சேத்துச் சேத்து இப்ப ஊட்டுல நடக்கறதுன்னா ஒருச்சாஞ்சுதான் நடக்கோணும். வசந்தாமணி ஒண்ணும் சொல்லமாட்டா. என்கிட்டச் சொல்லமாட்டா, ரேடியோகிட்டச் சொல்லுவா. கூட்டும்போது அதைத் தள்ளிவிட்டு, "நகந்து தொலையேன், பாடவும் மாட்டேங்கறே, போகவும் மாட்டேங்கறே"ம்பா. ரேடியோவைத்தான் சொல்றான்னு நான் பேசாம இருந்துக்குவேன்.

போன பொங்கலுக்கு ஊட்டுக்கு வெள்ளையடிக்கோணும்னு மேல அட்டாலில இருக்கற சாமானெல்லாம் கீழ எறக்குனோம். அதுல எங்க தாத்தனோட டிரங்குப் பெட்டி ஒண்ணு. அதுக்குள்ள பழைய போர்வைக்கு நடுவுல ஒரு சின்னப் பொட்டி. தொறந்தனுங்க. உள்ள இந்தக் கத்தி. மடக்குக் கத்தி, கருப்புக் கைப்பிடி. பிரிச்சா அலகு கண்ணாடியாட்டம் மின்னுது. இங்க பாருங்க, இந்த அலகு மேல செதுக்கல் இருக்குது பாருங்க. ரெண்டு பறவை மூக்கோட மூக்கு முட்டிட்டு நிக்குது. நடுவுல ஒரு பூ, சுத்திலும் புள்ளி புள்ளியா ஒரு கொடி. எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சுங்க.

"வசந்தாமணி, ஓடியா! எங்க தாத்தனுக்கு வெள்ளைக்காரத் தொரை குடுத்த சவரக் கத்தி!"ன்னு கூப்புட்டேன். அவ வந்தா. கையில வாங்கிப் பாத்தா. வெகு நேரம் பாத்தா. "யாரு சொன்னாங்க, தொரை குடுத்ததுன்னு?"ன்னு கேட்டா. "யாராச்சும் சொல்லோணுமா? பாத்தாலே தெரியலை?"ன்னேன். "பாத்தாத் தெரியோணும்தான்"னு சொல்லிப்போட்டு, கத்திய என்ற கையில குடுத்துட்டு அடுப்பங்கரைக்குப் போயிட்டா. இந்த மாதிரி விசயத்துல அவளுக்கு ஞானம் பத்தாதுங்க.

நான் அன்னிக்கே ஆராய்ச்சிய ஆரம்பிச்சுட்டேன். ஃபோன்ல வீடியோ பாக்கறதுதான். சவரக் கத்திக்கு வயசு எப்படிச் சொல்றதுன்னு வெள்ளைக்காரன் ஒருத்தன் மணிக்கணக்காப் பேசறான். எனக்கு இங்கிலீசு பாதி புரியும், மீதிய அவன் கையாட்டறதை வெச்சுப் புரிஞ்சுக்குவேன். விசயம் இதுதானுங்க. அலகுல இருக்கற செதுக்கலை வெச்சே வயசைச் சொல்லிரலாம். எந்த தேசத்துல செஞ்சதுன்னு பொருள் மேல போட்டே ஆகோணும்னு அமெரிக்காக்காரன் ஒரு சட்டம் போட்டான், ஆயிரத்தி எண்ணூத்தித் தொண்ணூறு வாக்குல. அதனால அலகுல தேசத்தோட பேரு இருந்தா, அனேகமா அதுக்குப் பிந்துனது. இல்லாட்டி முந்துனதா இருக்கலாம். இருக்கலாம்னுதான் அவன் சொன்னான். நான் அதை இருக்குதுன்னு எடுத்துக்கிட்டேன்.

இதுல பாருங்க, தேசத்துப் பேரும் இல்லை, கம்பெனிப் பேரும் இல்லை. ஒரு எழுத்துகூட இல்லை. அப்ப எவ்வளவு முந்துனதா இருக்கோணும்? எழுத்தே கண்டுபுடிக்கறதுக்கு முந்துனதோன்னுகூட ஒரு நா ரோசிச்சனுங்க. அப்புறம், அத்தனை பின்னால போக வேண்டாம்னு விட்டுட்டேன்.

ஒரே ஒரு சிக்கல் இருந்துச்சு. அந்தக் காலத்துச் செதுக்கல் ஆசிட்ல அரிச்சு எடுக்கறது, கையில தடவுனா வழவழன்னு இருக்குமாம். இது தடவிப் பாருங்க, சொரசொரன்னு, புள்ளி புள்ளியா இருக்குதுங்களா? அப்படின்னா என்ன அர்த்தம்? ஆசிட்டெல்லாம் வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தன் உக்காந்து ஒவ்வொரு புள்ளியாக் குத்தியிருக்கான். அந்தக் காலத்து ஆளுங்களுக்குப் பொறுமைங்க.

பழம்பொருள் சேக்கறவங்களுக்குன்னு நாங்க ஒரு சங்கம் வெச்சிருக்கறோம், அதுக்கு ஒரு வாட்சப் குரூப் உண்டு. அதுல போட்டோ போட்டேன். காரமடைக்காரர் அன்னம்னாரு. தாராபுரத்துக்காரர், அன்னத்துக்குக் கழுத்து இத்தனை குட்டையா இருக்காது, வாத்துன்னாரு. ரெண்டு பேருக்கும் சண்டை வந்து, ரெண்டு பேரும் குரூப்பை விட்டுப் போயி, மறுபடி சேந்தாங்க. இன்னொருத்தரு கும்புடற கையி படம் போட்டாரு. அவரு எதைப் போட்டாலும் கும்புடுவாரு. நான் எல்லாத்தையும் கூட்டிக் கழிச்சுப் பாத்து, இது இங்கிலாந்து அரமனைக் குளத்துல நீந்துன அன்னம், அரமனை ஆளுங்களுக்கு மட்டும் செஞ்ச கத்தின்னு முடிவு பண்ணிட்டேன். யாரும் மறுத்துப் பேசலை. பேசறவங்களெல்லாம் சண்டையில இருந்தாங்க.

பங்குனி மாசம் எங்க சங்கத்துக் கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்துல நடந்துச்சு. செவப்பு வெல்வெட்டுத் துணி போட்டு, நடுவுல கத்திய வெச்சு, பக்கத்துல அட்டை எழுதி வெச்சேன். 'அரச அன்னச் சவரக் கத்தி. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது. உபயம்: வெள்ளியங்கிரிநாதன் குடும்பத்தார்.' கூட்டம்னா கூட்டம். அதுல பாதிப்பேரு அடுத்த ஹால்ல நடந்த வளைகாப்புக்கு வந்தவங்க. இருக்கட்டும், பாத்தாங்கல்ல?

அப்பத்தான் வந்தான் சாமியப்பன். எங்கூட்டுக்காரியோட தம்பி. மாட்டுத்தீவனக் கடை வெச்சிருக்கான். அவனுக்கும் மீசை உண்டு. என்ற மீசையப் பாத்து வெச்ச மீசைதான், ஆனா ஒத்துக்கமாட்டான். கத்தியப் பாத்தான், அட்டையப் பாத்தான், கெக்கெக்கேன்னு சிரிச்சான். "ஏனுங் மாமா, இது பொருட்காட்சில பொம்மை பலூனோட விக்கறதுங்க. பத்து வருசம்கூட ஆயிருக்காது. துருவே இல்லை பாருங்க"ன்னான். அத்தனை பேரு முன்னாடி. வளைகாப்புக்காரங்க முன்னாடி.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "நூறு வருசத்துக்கு மேல இல்லாட்டி என்ற மீசைய எடுத்தர்றேன்டா"ன்னேன். "பத்து வருசத்துக்கு மேலன்னு ஆச்சுன்னா என்ற மீசைய எடுத்தர்றனுங்க"ன்னு அவனும் சொல்லிப்போட்டான். சங்கத்து ஆளுங்கெல்லாம் கை தட்டிட்டாங்க. கை தட்டுனதுக்கப்புறம் வாபஸ் வாங்க முடியுங்களா? அதுவும் வைகாசில அவன் புள்ளை கீர்த்தனாவுக்குக் கல்யாணம். பொண்ணோட அப்பன் அவன், பொண்ணுக்கு மாமன் நான். ரெண்டு பேரும் வாசல்ல நின்னு வர்றவங்களைக் கும்புடோணும். மீசையில்லாம யாரு நிக்கப் போறதுன்னு சாதிசனமெல்லாம் இதே பேச்சு. எனக்கு ராத்திரி தூக்கமே இல்லீங்க. தூங்கும்போதுகூட மீசைமேல கைய வெச்சுட்டுத்தான் படுப்பேன்.

கல்யாணத்துக்கு முந்துன வாரம் சாமியப்பன் எங்கூட்டுக்கு வந்தான். ஆளுக்கொரு பக்கம் உக்காந்து, நடுவுல கத்திய வெச்சு, வாக்குவாதம். வசந்தாமணி உள்ள மொளகா வறுத்துட்டிருந்தா. எங்களுக்கு மோர் கொண்டாந்து, தூக்குப்போசியோட டக்குன்னு நடுவுல வெச்சுட்டுப் போயிட்டா. புடி வெச்ச எவர்சில்வர் தூக்குப்போசி. விசேசத்துக்குத்தான் எடுப்பா, அன்னிக்கு என்னமோ எடுத்திருந்தா.

சாமியப்பன் மோரை ஊத்தப் போனவன் அப்படியே நின்னுட்டான். "மாமா, இங்க பாருங்க"ன்னான். பாத்தேன். தூக்குப்போசி மேல ரெண்டு அன்னம். மூக்கோட மூக்கு. நடுவுல பூ. சுத்திலும் புள்ளி புள்ளியாக் கொடி.

எனக்கு சந்தோசம் தாங்க முடியலீங்க. "பாத்தியாடா! அந்தக் கம்பெனிக்காரன் இங்கிலாந்துல தூக்குப்போசியும் செஞ்சிருக்கான்!"ன்னேன்.

வசந்தாமணி எட்டிப் பாத்தா. உள்ள போனா, ஒரு சொம்பு கொண்டாந்து வெச்சா. அதுல அன்னம். ஒரு தாம்பாளம், அதுல அன்னம். குத்துப்போணி, எண்ணெய்த் தூக்கு, இட்லிச் சட்டி மூடி, எல்லாத்துலயும் அன்னம். கடைசில ஒரு கரண்டியக் கொண்டாந்து நீட்டுனா, காம்புல எறும்பாட்டம் ரெண்டு அன்னம். முப்பத்தெட்டு வருசமா நான் அதுலதான் சாப்புட்டிருக்கறேன் தம்பி. சாப்பாட்டைப் பாப்பனா, பாத்திரத்தைப் பாப்பனா?

"எங்க தாத்தன் மொத்தமா வாங்கிப் போட்டிருக்காரு போல"ன்னேன். கொஞ்சம் கொரலு எறங்கித்தான் சொன்னேன்.

அப்பத்தான் அவ வாயத் தொறந்தா. "எல்லாம் எங்கப்பா வாங்குனதுங்க. நம்ம கல்யாணச் சீரு. அந்தப் பாத்திரக்கடையில பேர் வெட்டற மிசினு அப்பத்தான் வந்திருந்துச்சு. அதைப் பாத்ததும் எங்கப்பாவுக்குக் கிறுக்குப் புடிச்ச மாதிரி ஆயிருச்சு. எதை வாங்குனாலும் ரெண்டு அன்னம் வெட்டுன்னுட்டாரு. அந்தக் கத்தியும் அங்க வெட்டுனதுதான்."

"கத்தியுமா?"ன்னேன்.

"பட்டாளத்துல இருந்து வரும்போது பம்பாய்ல புதுசா வாங்கியாந்தாருங்க. அலகுல ஜெர்மனின்னு பூ வேலையாட்டம் எழுதியிருந்துச்சு. வர்ற மாப்பிள்ளைக்குன்னு கையே படாம வெச்சிருந்தாரு. கல்யாணம் முடிவானதும், அந்த எழுத்தைப் பாலீசு போட்டு அழிச்சுட்டு உங்க பேரை வெட்டச் சொன்னாரு. வெள்ளியங்கிரிநாதன்னு வெட்டோணும்னா ரெண்டு கத்தி வேணும்னு கடைக்காரன் சொல்லிப்போட்டான். அதனால அன்னம்."

என்ற நெலமைய நெனச்சுப் பாருங்க தம்பி. அலகுல இருந்த ஒரே ஆதாரம், அதை என்ற மாமனாரே பாலீசு போட்டு அழிச்சிருக்காரு! ஒரு பழம்பொருளை யாராச்சும் இப்படிப் பண்ணுவாங்களா? ஆனா அந்த நேரத்துல அதைச் சொன்னா நல்லா இருக்காதுன்னு அடக்கிட்டேன்.

சாமியப்பன் சிரிக்க ஆரம்பிச்சான். அவ அவன் பக்கம் திரும்புனா. "நீ எதுக்குடா சிரிக்கறே? சீர்த் தட்டுல அந்தப் பொட்டிய வெச்சுத் தூக்கிட்டு வந்தவனே நீதான்."

"நானாக்கா?"

"நீதான். தட்டுல இருந்த முறுக்கைத் தின்னுட்டே வந்தே. அப்பா பின்னாடியே வந்து மண்டையில கொட்டுனாரு."

அவன் கை தன்னால மண்டையத் தடவுச்சுங்க. மண்டைக்கு ஞாபகம் இருந்திருக்குது, அவனுக்குத்தான் இல்லை.

அவ விடலை. என்னைப் பாத்தா. "நீங்க பொட்டியத் தொறந்தீங்க. மூடி அக்கட்டாலத் தள்ளி வெச்சுட்டீங்க. எங்கப்பா உங்க மூஞ்சியவே பாத்துட்டு நின்னாரு"ன்னா.

அது என்னன்னா தம்பி, எனக்குக் கைக்கடியாரம் போடறதாப் பேச்சு. நானே கேக்கலீங்க, ஊர்ல பேச்சு. பொட்டியும் அந்த அளவுலதான் இருந்துச்சு. தொறந்தா சவரக் கத்தி. எனக்கு அப்ப மீசையே சரியா மொளைக்கலை. கல்யாணத்தன்னிக்கு ஒருத்தனுக்குச் சவரக் கத்தி குடுத்தா அவன் என்னன்னு எடுத்துக்குவான்? மூடி வெச்சேன். மூடி வெச்ச பொருளை எப்படிங்க ஞாபகம் வெச்சுக்கறது? அவதான் அதை எடுத்து எங்க தாத்தன் பெட்டியில போட்டிருக்கறா. தாத்தன் பெட்டியில இருந்தா தாத்தனோடதுன்னுதான் யாரும் நெனப்பாங்க. தப்பு யாரு மேல?

"எங்கப்பா இருக்கற வரைக்கும், நான் எப்ப அங்க போனாலும் கேப்பாரு. மாப்பிள்ளைக்குக் கத்தி எப்படி இருக்குதாம்னு. நல்லா இருக்குதாம்ப்பான்னு நானும் சொல்லிட்டே இருந்தேன்"ன்னா. அப்பச் சித்த கண்ணு கலங்குச்சுங்க அவளுக்கு. மொளகா வறுத்துட்டிருந்தாள்ல, நெடி ஏறியிருக்கும்.

"அன்னிக்கு அட்டாலில இருந்து எறக்குனப்பவே சொல்லியிருந்தா இந்தப் பந்தயமே வந்திருக்காதல்ல?"ன்னு கேட்டேன். நியாயமான கேள்விதானுங்களே?

"எத்தனையோ கண்டுபுடிக்கறீங்க. இதையும் கண்டுபுடிப்பீங்கன்னு இருந்தேன்"ன்னா. அதுக்கப்புறம் தீர்ப்பும் அவளே சொல்லிட்டா. "நூறும் ஆகலை, பத்தும் இல்லை. நீங்க சொன்னதும் தப்பு, இவன் சொன்னதும் தப்பு. ரெண்டு பேரும் எடுங்க. எங்கப்பா குடுத்த கத்திலயே எடுங்க."

சலூன்காரரைக் கூப்புட்டோம். அவரு கத்தியப் பாத்துட்டு, "எனக்கு பிளேடு மாட்டற கத்திதானுங்க பழக்கம், இதுல கை வெச்சு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா கல்யாண ஊட்டுல நான் பதில் சொல்ல முடியாது"ன்னு போயிட்டாரு. அப்புறம் என்ன, என்ற மீசைய அவன் எடுக்கோணும், அவன் மீசைய நான் எடுக்கோணும். கெணத்தடியில ஸ்டூலைப் போட்டு நான் உக்காந்தேன். மச்சினன் கையில கத்தி, அதுக்குக் கீழ என்ற கழுத்து. முப்பத்தெட்டு வருசத்துல நான் அவனைப் பேசுன பேச்சு அத்தனையும் அப்ப ஒண்ணொண்ணா ஞாபகம் வந்துச்சுங்க. "மாமா, ஆடாதீங்க"ங்கறான். "நான் எங்கடா ஆடறேன், நீதான்டா ஆடறே"ன்னா, "நான் ஆடலீங்க, கத்தி ஆடுது"ங்கறான். ஆனா ஒண்ணு சொல்லோணும். கத்தின்னா கத்திங்க. வெண்ணெயாட்டம் எடுத்துச்சு. ஒரு கீறல் இல்லை.

கல்யாணத்துல எங்க ரெண்டு பேரையும் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியலை. வாசல்ல கையக் கூப்பிக்கிட்டு நிக்கறோம், வர்றவங்க எங்ககிட்டச் செருப்பைப் பாத்துக்கச் சொல்லிட்டு உள்ள போறாங்க. மாப்பிள்ளையோட அப்பா வந்து, "பொண்ணோட அப்பா இன்னும் வரலீங்களா?"ன்னு சாமியப்பன்கிட்டயே கேட்டாரு. "உள்ள இருக்கறாருங்க"ன்னு அவனும் வெக்கத்துல சொல்லி அனுப்பிச்சுட்டான். பாவம், அவரு முகூர்த்தம் வரைக்கும் தேடுனாரு.

எல்லாம் முடிஞ்சு ஊட்டுக்கு வந்ததும், சரி, மறுபடி வளத்திரலாம், ரெண்டு மாசத்துல பழையபடி வந்துரும்னு நெனச்சேன். காலையில எந்திரிச்சுப் போறேன், கெணத்தடியில சுடுதண்ணி இருக்குது. பக்கத்துல கண்ணாடி, சோப்பு, இந்தக் கத்தி. வசந்தாமணி துண்டோட பக்கத்துல நிக்கறா. என்ன பண்றதுங்க? எடுத்து வெச்சுட்டாளேன்னு எடுத்தேன். மறுநாளும் அதே சுடுதண்ணி. அதுக்கடுத்த நாளும். நான் மழிச்சு முடிக்கற வரைக்கும் என்ற மூஞ்சியவே பாத்துட்டு நிப்பா.

போன வெள்ளிக்கெழமை மெதுவாக் கேட்டா, "கத்தி எப்படி இருக்குதுங்க?"ன்னு. "நல்லா இருக்குது வசந்தாமணி"ன்னேன். இருக்கறதைத்தானுங்க சொன்னேன், வேற ஒண்ணும் பெருசாச் சொல்லலை. அதுக்குப் போயி முந்தானையில மூஞ்சிய மூடிட்டு நின்னுட்டா. அப்புறம் பாத்தாச் சிரிக்கறா. அன்னிக்கு ரேடியோவை ஒண்ணுமே திட்டலீங்க. கூட்டும்போது அதைத் தொடச்சு வேற வெச்சா. பொம்பளைங்க மனசை எந்தச் செதுக்கலை வெச்சும் சொல்ல முடியாதுங்க தம்பி.

இப்பக் கோயம்புத்தூருக்குத்தான் போயிட்டிருக்கறேன். கத்தியத் தீட்டத் தோல்பட்டை ஒண்ணு வேணும், நல்ல தோலா. தெனமும் பண்றதுன்னு ஆயிருச்சு, மொண்ணையா இருந்தா அவளுக்குச் சங்கடமாப் போயிரும்.

உங்க ஸ்டாப் வந்துருச்சுங்களா? எறங்குங்க எறங்குங்க, பாத்து. ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போங்க. சங்கத்துல எல்லாரும் நான் வயசைத் தப்பாச் சொல்லிட்டேன்னு பேசிக்கறாங்க. தப்பெல்லாம் இல்லீங்க தம்பி. நூறு வருசம் ஆகத்தான் போகுது. நான் கொஞ்சம் முன்னாடியே சொல்லிப்போட்டேன், அவ்வளவுதான்.